உங்களுக்குத் தெரியுமா? வியாதியைத் தானே சொல்லும் யந்திரம்
அடிக்கடி ஸ்தம்பித்து நின்று, பின்பு உயிர்பெறவே மறுக்கும் மடிக்கணினி, தன் வியாதியைத் தானே வாய்விட்டுச் சொல்லக்கூடும் என்றால் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டர், மின்சாரம் பாய்ந்ததும் தன் அங்கங்களைத் தானே பரிசோதித்து, யாவும் க்ஷேமமெனில் ஒரேயொரு குறுகிய ‘பீப்’ ஒலியை எழுப்பிற்று. திரை இருண்டு கிடக்கையில் வேறு எவ்விதம்தான் பேசுவது! அந்தச் சம்பிரதாயம் இன்றும் மறைந்துவிடவில்லை: பல மடிக்கணினிகள் ஒலியாலோ, சிறு விளக்கின் சிமிட்டலாலோ, பழுது ராம் என்னும் நினைவகத்திலா, மதர்போர்டு என்னும் தாய்ப்பலகையிலா என்று சூசகமாக உணர்த்துகின்றன. சிமிட்டல்களை எண்ணிக் கையேட்டில் அர்த்தம் தேட வேண்டும். இந்தப் பாஷை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. குற்றம் ராமினுடையதாய், அதுவும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்படாததாய் இருந்துவிட்டால், சார்ஜரையும் பாட்டரியையும் நீக்கியபின் அதைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துவதே சில வேளை போதுமானது.