வாணலியைக் கேளுங்கள்

சூடான வாணலியில் காய்த்துண்டைப் போட்டதும் 'சொய்ங்' என்று சத்தம் வருமே, அது எதன் சத்தம்? எண்ணெயின் சத்தம் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது தண்ணீரின் சத்தம்! காய்க்குள் இருக்கும் தண்ணீர் சூட்டில் ஆவியாகி, எண்ணெயைப் பிளந்துகொண்டு வெளியே பாய்கிறது. வீட்டில் யாராவது தாளிக்க எண்ணெய் காயவைக்கும்போது கவனியுங்கள். கடுகு விழும்வரை அது பேசாமல்தான் இருக்கும்.

இதை எனக்கு விளங்கவைத்தது ஒரு மஞ்சள் காய். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு கோடைகாலம் தங்கியிருந்தேன். ஜூலை மாதம் அங்கே வீட்டுத் தோட்டங்களில் இந்தக் காய் காய்த்துக் குவியும். பறிக்கப் பறிக்க வரும். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து தந்தார். அடி பருத்து, மேலே மெலிந்து, வாத்தின் கழுத்தைப் போல வளைந்த காய். மெழுகு தடவியதுபோல மஞ்சள் தோல். பெயர் யெல்லோ ஸ்குவாஷ். நம் பரங்கிக்காய்க்கு நெருங்கிய சொந்தம். கடைகளில் இப்போது விற்கும் சுக்கினிக்கு இன்னும் நெருக்கம்.

பீர்க்கங்காய் மாதிரிதானே என்று கடுகு, உளுந்து, வெங்காயம் தாளித்து, பொடியாக நறுக்கிப் போட்டு, உப்புத் தூவி மூடிவைத்தேன். திறந்தால் வாணலியில் குளம் கட்டி நிற்கிறது; நடுவே காய் கொழகொழவென்று கிடக்கிறது. பாட்டியிடம் போய்க் கேட்டேன். அவர் தன் கனத்த இரும்பு வாணலியை அடுப்பில் வைத்துச் செய்து காட்டினார். சிரமமான வேலை ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஓர் அறிவியல் ஒளிந்திருந்தது.

முதலில் காயைச் சுண்டுவிரல் கனத்துக்கு வட்ட வட்டமாக நறுக்கினார். அரைக் கிலோ காய்க்கு ஒரு தேக்கரண்டி உப்பைப் பிசிறி, அரை மணி நேரம் விட்டார். தட்டில் தண்ணீர் ஊறி நின்றது. அதைக் கொட்டிவிட்டுத் துண்டுகளைத் துணியில் ஒற்றி எடுத்தார்.

உப்பு எப்படித் தண்ணீரை இழுத்தது? காய் முழுக்கக் குட்டிக் குட்டிச் செல்கள். ஒவ்வொன்றும் மெல்லிய சவ்வு போர்த்திய தண்ணீர்ப் பை. வெளியே உப்பு கூடினால், சவ்வைத் தாண்டித் தண்ணீர் அந்தப் பக்கம் நகரும். பாடத்தில் சவ்வூடு பரவல் என்று படிப்பீர்களே, அதுதான். வடுமாங்காய் ஏன் சுருங்கிப்போகிறது? வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கு ஏன் பரிமாறும்போது உப்புப் போடச் சொல்கிறார்கள்? காரணம் ஒன்றே. நீங்களே செய்து பார்க்க ஸ்குவாஷ் தேவையில்லை. சம எடையுள்ள வெள்ளரித் துண்டுகளை இரண்டு தட்டில் வைத்து, ஒன்றுக்கு மட்டும் உப்புத் தூவி, அரை மணி கழித்துத் துடைத்து எடை போடுங்கள். வித்தியாசத்தை எழுதி வையுங்கள்.

அப்புறம் வாணலி. எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பினார். ஒன்றின்மேல் ஒன்று கிடக்கக் கூடாது, மூடக் கூடாது, கிளறவும் கூடாது. எனக்குக் கை துறுதுறுவென்றது. "சத்தம் குறையட்டும், அதுவரை தொடாதே" என்றார்.

இந்தக் காயில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்குக்கு மேல் தண்ணீர். அரைக் கிலோ வாங்கினால் கிட்டத்தட்ட 470 கிராம் தண்ணீரைத்தான் பையில் போட்டு வருகிறோம். சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது செல் சவ்வுகள் பழுதாகி, உள்ளே இருந்ததெல்லாம் கசியத் தொடங்கும். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது, ஆவியாகத்தான் போகும். ஆகவே ஈரம் இருக்கும்வரை காயும் 100 டிகிரியிலேயே நிற்கும். ஆனால் ரொட்டியின் மேல்தோலிலும், தோசையின் மொறுமொறுப்பிலும் நாம் விரும்பும் அந்தப் பழுப்பு நிறமும் மணமும் சுமார் 140 டிகிரியில்தான் விறுவிறுவென்று உண்டாகும். சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் சேர்ந்து நடத்தும் வேதிவினை அது. 1912-இல் அதை விவரித்த பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மயாரின் பெயரால் அதை அழைக்கிறார்கள்.

இங்கே ஒரு கணக்கு. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 290 ஜூல் வெப்பம் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும்! ஏழு மடங்குக்கும் மேல். வாணலியில் காயைக் குவித்தால் அடுப்பு தரும் வெப்பமெல்லாம் இந்த வேலைக்கே செலவாகிவிடும். மூடி போட்டால், போன ஆவியும் மூடியில் பட்டுத் தண்ணீராகித் திரும்ப விழும். என் பொரியல் குளமானது இப்படித்தான். சத்தம் அடங்குகிறது என்றால் அடிப்பக்கம் காய்ந்துவிட்டது, இனிப் பழுப்பாகும் என்று பொருள். பாட்டியின் காது ஒரு வெப்பமானியாக வேலை செய்தது.

சரி, இந்தக் காயில் ஏன் இவ்வளவு தண்ணீர்? இது பிஞ்சு என்பதால். பூ மலர்ந்து ஒரு வாரத்துக்குள் பறித்துவிடுவார்கள். தோல் நகத்தால் கீறுமளவு மென்மை. விதை மெத்தென்று இருக்கும். விட்டுவைத்தால் தோல் கட்டையாகிவிடும். நாம் பீர்க்கையையும் புடலையையும் பிஞ்சில் பறிப்பதும், பரங்கியை முற்றவிட்டுப் பரணில் வைப்பதும் இதே கணக்குத்தான்.

அந்தப் பூவைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. பரங்கிப்பூவைப் போலவே பெரிய மஞ்சள் பூ. ஆண்பூ தனி, பெண்பூ தனி. பெண்பூவின் அடியில் குட்டிக்காய் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும். விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் யாராவது மகரந்தத்தைக் கொண்டுசேர்க்க வேண்டுமே? அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு தேனீ இருக்கிறது. ஸ்குவாஷ் தேனீ என்று பெயர். கூட்டமாக வாழாது, ஒவ்வொரு பெண் தேனீயும் மண்ணில் தனியே வளை தோண்டும். குஞ்சுகளுக்கு ஸ்குவாஷ், பரங்கிக் குடும்பத்தின் மகரந்தத்தை மட்டுமே கொடுக்கும். சூரியன் எழுமுன்பே வேலைக்கு வந்துவிடும். ஆண் தேனீக்கள் வாடி மூடிக்கொண்ட பூவுக்குள்ளேயே படுத்துத் தூங்கும். பாட்டி ஒரு மாலையில் வாடிய பூவை என் உள்ளங்கையில் வைத்து மெல்லப் பிரித்தார். உள்ளே ஒன்று முணுமுணுத்தது.

இந்தக் காயின் காட்டு முன்னோர் கைக்குள் அடங்குகிற, ஓடு தடித்த, கடுங்கசப்பான காய்கள். ஃபுளோரிடாவில் கிடைத்த மாஸ்டடான் சாணத்தில் அவற்றின் விதைகள் இருந்தன. மாஸ்டடான், யானைக்குத் தூரத்து உறவான, அழிந்துபோன பெரிய விலங்கு. அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தக் கசப்பு தொந்தரவாக இருந்திருக்காது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பின்னால் அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் கசப்புக் குறைந்த விதைகளைத் தேர்ந்து தேர்ந்து விதைத்தார்கள். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இது நடந்தது சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன். 'ஸ்குவாஷ்' என்ற சொல்லும் அவர்களில் நாரகான்செட் மக்களின் மொழியிலிருந்து வந்ததே. 'பச்சையாகத் தின்பது' என்று அதற்குப் பொருள்.

பழைய கசப்பு எப்போதாவது தலைகாட்டும். அதற்குக் காரணமான குக்குர்பிட்டசின் என்ற பொருள், கொதிக்கவைத்தாலும் போகாது, வயிற்றைப் புரட்டிவிடும். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து நம் நாட்டில் உயிரிழந்தவர்கள்கூட உண்டு. அதனால் ஸ்குவாஷோ, சுரையோ, வெள்ளரியோ, நறுக்கியதும் நுனியில் ஒரு துளி நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு, முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். பாகற்காய்க்கு இது பொருந்தாது. அதன் கசப்பு வேறு.

தண்ணீரை விரட்டாமல் வேலை வாங்கும் வழியும் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அதுதான் பழைய வீட்டுச் சமையல். வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, காயைக் கனமாக நறுக்கிப் போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாமல் மூடி, சிறு தீயில் வைப்பார்கள். காய் தன் தண்ணீரிலேயே வேகும். செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை கரைய, கரண்டியால் அழுத்தினாலே மசியும். கடைசியில் மூடியைத் திறந்து ஈரத்தை வற்றவிட்டு, மிளகுத்தூள் தூவுவார்கள். உப்பையும் அப்போதுதான் பார்த்துப் போட வேண்டும். முதலிலேயே போட்டால், காய் சுண்டியபின் கரித்துவிடும்.

நான் பாட்டியின் வாணலிக்கே வருகிறேன். சத்தம் தணிந்ததும் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். அடியில் தேன் நிறம். மறுபக்கத்துக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை; தண்ணீர் பெரும்பாலும் முன்னமே போய்விட்டதல்லவா. பூண்டு நசுக்கிப் போட்டு, அரை நிமிடத்தில் இறக்கி, எலுமிச்சை பிழிந்து தட்டில் வைத்தார். மறுநாள் நான் தனியாகச் செய்தபோது, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.