அடர்தாடிக்குப் பிளேடா, ஷேவரா? ஓர் ஐந்தாண்டுக் கணக்கு

தாடி முடி நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.4 மி.மீ. வளர்கிறது. ஆளுக்கு ஆள் இந்த வேகம் கொஞ்சம் கூடும், குறையும். பெரிய வேறுபாடு இருப்பது எண்ணிக்கையில்தான். மெல்லிய தாடிக்காரர் முகத்தில் 7,000 முடி என்று வைத்தால், கன்னத்து எலும்புவரை கறுத்துக் கிடக்கும் அடர்தாடிக்காரர் முகத்தில் 20,000 இருக்கும். முதலாமவருக்கு ஒரே நாளில் வளர்ந்ததையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிவைத்தால் 2.8 மீட்டர், இரண்டாமவருக்கு 8 மீட்டர். ஆண்டுக்கு ஒருவர் 1 கிலோமீட்டர் முடியை மழிக்கிறார், மற்றவர் 2.9 கிலோமீட்டர்.

தடிமனையும் சேர்க்க வேண்டும். ஒரு முடி 0.10 மி.மீ., இன்னொன்று 0.15 மி.மீ. என்றால் தடிமன் ஒன்றரை மடங்குதான். ஆனால் வெட்டப்படும் பரப்பு 2.25 மடங்கு. எண்ணிக்கை 2.86 மடங்கு, பரப்பு 2.25 மடங்கு. இரண்டையும் பெருக்கினால், ஒரே பிளேடு அடர்தாடியில் 6.4 மடங்கு வேலை செய்கிறது. அட்டையில் ‘இத்தனை ஷேவ்’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கும் அடர்தாடிக்காரர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அந்த எண் சராசரி முகத்துக்கானது. பாதியாகக் குறைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குவதே நியாயம்.

முடியைவிட எஃகு சுமார் 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் பிளேடு மழுங்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் இதற்குக் காரணம் காட்டினார்கள். விளிம்பு மெல்ல மெல்லத் தேய்வது மட்டுமே காரணமில்லை. முடி சாய்ந்து மோதும் கோணத்தில், எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில், நுண்ணிய சில்லுகள் பெயர்ந்துவிடுகின்றன. 20,000 முடி மோதும் முகத்தில் சில்லு பெயர வாய்ப்பும் அதற்கேற்பக் கூடும்.

இனி விலைப் பக்கம். கீழே உள்ளவை இன்றைய கடை விலையை ஒட்டி நான் வைத்துக்கொண்ட முழுத் தொகைகள். உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது. வாரம் ஆறு நாள் சவரம், ஆண்டுக்கு ஏறத்தாழ 300, ஐந்தாண்டுக்கு 1,500.

தண்ணீர் தொட்டுச் செய்யும் சவரம் எதுவானாலும் பொதுச் செலவு ஒன்று உண்டு. பிரஷ் போட்டு நுரைத்தால் தடவைக்கு 1 கிராம் க்ரீம் போதும். 1,500 கிராமுக்கு 70 கிராம் டியூப் 22, டியூப் 80 ரூபாய் வீதம் 1,760 ரூபாய். இரண்டு பிரஷ் 300, படிகாரக் கட்டி 100. ஆக 2,160 ரூபாய். (2025 செப்டம்பர் 22 முதல் ஷேவிங் க்ரீமுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய இருப்பை வாங்கும்போது விலையைக் கவனியுங்கள்.) பிளேடு வகைகளுக்கு இந்தப் பொதுச் செலவையும் சேர்த்து, உலர் ஷேவர்களுக்கு அது இல்லாமல், ஐந்தாண்டுத் தொகை இது:

பிளேடை வைத்துத் திருகும் இரும்பு ரேசர்: ரேசர் 400, பிளேடு 5 ரூபாய், ஒன்றுக்கு 3 சவரம், 500 பிளேடு. மொத்தம் 5,060 ரூபாய், சவரத்துக்கு 3.37.

ஒற்றை பிளேடு பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜ்: 10 ரூபாய், 3 சவரம், 500 எண்ணம், கைப்பிடிகள் 150. மொத்தம் 7,310, சவரத்துக்கு 4.87.

மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜ்: 140 ரூபாய், 6 சவரம், 250 எண்ணம், கைப்பிடி 300. மொத்தம் 37,460, சவரத்துக்கு 25.

நடுத்தர விலைச் சுழல்தலை ஷேவர்: இயந்திரம் 5,000, மாற்றுத் தலை 2,500 வீதம் மூன்று, மின்சாரம் 25. மொத்தம் 12,525, சவரத்துக்கு 8.35.

உயர்விலைத் தகட்டு ஷேவர்: இயந்திரம் 18,000, மாற்றுத் தலை 3,500 வீதம் மூன்று, மின்சாரம் 25. மொத்தம் 28,525, சவரத்துக்கு 19.

சலூனில் 80 ரூபாய் என்றால் இதே 1,500 சவரத்துக்கு 1,20,000 ரூபாய் ஆகிறது. அங்கே கொடுப்பது பிளேடுக்கான விலையன்று, கைத்தொழிலுக்கான கூலி. ஆகவே அதை இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பது முறையாகாது. ஒன்று மட்டும் சொல்லலாம். சலூனில் முழு பிளேடை நடுவில் ஒடித்துப் பாதியைக் கத்தியில் மாட்டுகிறார்கள். ஓர் ஆளுக்குப் பாதி பிளேடு, இரண்டரை ரூபாய். ஆளுக்கு ஆள் புதுப் பாதி மாட்டுகிறார்களா என்று கேட்டு வாங்குவது நம் உரிமை.

பட்டியலில் உறுத்துவது மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜ். கைப்பிடிக்கு 300 ரூபாய், தலைகளுக்கு 35,000. அட்டை சொல்வதை நம்பி ஒன்றை 12 சவரத்துக்கு இழுத்தாலும் மொத்தம் 19,960. அப்போதும் சவரத்துக்கு 13 ரூபாய்க்கு மேல். அடர்தாடியில் இன்னொரு சங்கடமும் உண்டு. இரண்டு மூன்று நாள் முடியானால் பிளேடுகளுக்கு நடுவே உள்ள குறுகிய இடைவெளியில் முடியும் நுரையும் அடைத்துக்கொள்ளும். தட்டித் தட்டிக் கழுவியே நேரம் போகும். திருகு ரேசரில் பிளேடுக்குக் கீழே வாய் திறந்திருப்பதால் அந்தத் தொல்லை குறைவு.

ரேசரை மலிவாகக் கொடுத்துவிட்டு பிளேடில் சம்பாதிக்கும் வியாபாரத்தை கிங் கேம்ப் ஜில்லெட் தொடங்கிவைத்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். அவர் காலத்துக் கணக்கு வேறு. 1903இல் அவர் கம்பெனி விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த ஆண்டே ரேசர் விற்பனை 90,000ஐத் தாண்டியது. அப்போது ஒரு ரேசரின் விலை 5 டாலர், அந்நாளில் பெரிய தொகை. 1904இல் பெற்ற காப்புரிமை 1921இல் முடிந்து போட்டி வந்தபிறகுதான் விலை இறங்கியது. நம் நாட்டில் அதே கம்பெனி 2010இல் ‘ஜில்லெட் கார்ட்’ என்ற ஒற்றை பிளேடு ரேசரை 15 ரூபாய்க்கும், அதன் மாற்றுக் கார்ட்ரிட்ஜை 5 ரூபாய்க்கும் கொண்டுவந்தது. ஒரு குவளைத் தண்ணீரை வைத்துக்கொண்டு சவரம் செய்பவர்களை மனத்தில் வைத்து, எளிதாக அலசிவிடும்படி அமைத்தார்கள். பட்டியலில் இரண்டாவதாக இருப்பது அந்த வகை. திருகு ரேசரைக் கையாளப் பயப்படுகிறவர்களுக்கு இன்றும் அது நல்ல தேர்வு.

ஷேவருக்கு வருவோம். ஜேக்கப் ஷிக் 1931இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் ஷேவரின் விலை 25 டாலர். 1939இல் பிலிப்ஸ் சுழலும் தலையைக் கொண்டுவந்தது. 1950இல் பிரான் துளைத்தகடு வைத்த ஷேவரை வெளியிட்டது. இன்று கடையில் இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டின் வாரிசுகளே. தலையை பிரான் 18 மாதத்துக்கு ஒரு முறையும், பிலிப்ஸ் 2 ஆண்டுக்கு ஒரு முறையும் மாற்றச் சொல்கின்றன. அடர்தாடிக்கு இரண்டுக்கும் 18 மாதம் என்றே வைத்திருக்கிறேன். வாங்கும்போது இயந்திரத்தின் விலையைப் பார்க்கிறோமே, அதைவிட முக்கியம் மாற்றுத் தலையின் விலையும் அது நம் ஊரில் கிடைக்குமா என்பதும். மேலே உள்ள நடுத்தர ஷேவரில் இயந்திரம் 5,000 ரூபாய், தலைகள் 7,500. தலை கிடைக்காத ஷேவர் ஒன்றரை ஆண்டில் வெறும் பொம்மை. மின்செலவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்: 300 தடவை சார்ஜ் செய்தாலும் 3 யூனிட்.

பிளேடும் ஷேவரும் முடியோடு நடந்துகொள்ளும் விதம் வேறு. பிளேடுக்கு நீளம் பெரிய பொருட்டில்லை. நேற்று வளர்ந்ததோ நான்கு நாள் வளர்ந்ததோ, அடியில் விழுவது ஒரே மாதிரி வெட்டு. அதன் பகை எண்ணிக்கையும் தடிமனும். ஷேவருக்கு நீளம்தான் பகை. முடி துளைக்குள் நிமிர்ந்து நுழைந்தால்தான் உள்ளே ஓடும் கத்தி வெட்டும். ஒரு நாள் முடி, அதாவது 0.4 மி.மீ., நிமிர்ந்து நிற்கும். மூன்று நாள் முடி 1.2 மி.மீ. ஆகிக் கழுத்தோரம் படுத்துவிடும். தகடு அதன்மேல் வழுக்கிப் போகும், அல்லது பாதி பிடித்து இழுக்கும். கண்ணில் நீர் வரவைக்கும் அந்த இழுப்புக்குப் பயந்தே பலர் ஷேவரை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். சுழல்தலை இதில் கொஞ்சம் பொறுத்துப் போகும். கழுத்தில் சுழித்து வளரும் முடிக்கும் அதுவே ஏற்றது. தினமும் மழிப்பவருக்குத் தகட்டு ஷேவர் நெருக்கமாக வெட்டும்.

அதனால், அடர்தாடிக்காரர் ஷேவர் வாங்கினால் தினமும் மழிக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் மட்டும் மழிப்பவருக்கு ஐந்தாண்டில் 520 சவரம். திருகு ரேசரில் பிளேடு 174, க்ரீம் 8 டியூப். எல்லாம் சேர்த்து 2,310 ரூபாய், சவரத்துக்கு 4.44. ஷேவரில் தலை ஒரே ஒரு முறை மாற்றினாலும் 7,500 ரூபாய், முதலில் முடியைக் குறைக்க டிரிம்மர் 1,000. சவரத்துக்கு 16 ரூபாய்க்கு மேல். பணமும் அதிகம், வலியும் அதிகம். இவருக்கு ஷேவர் வேண்டாம்.

வழவழப்பைப் பற்றிய பேச்சுக்கும் ஓர் எண் உண்டு. தகட்டின் தடிமன் ஏறத்தாழ 0.05 மி.மீ. அதற்குக் கீழே ஷேவர் வெட்டாது. நாளுக்கு 0.4 மி.மீ. என்றால் 0.05 மி.மீ. வளர 3 மணி நேரம். காலை 7 மணிக்கு பிளேடால் மழித்த முகம், 10 மணிக்கு ஷேவர் முகத்தின் அளவுக்கு வந்துவிடும். ஷேவர் அங்கங்கே இன்னும் இரு மடங்கு மிச்சம் வைத்தாலும் அந்த வேறுபாடு 6 மணி நேரத்துக்குத்தான். மாலையில் கன்னம் கறுப்பது இருவருக்கும் உண்டு. மூன்று மணி நேர வழவழப்புக்காகக் கழுத்தை மூன்று முறை எதிர்த்திசையில் இழுத்துப் புண்ணாக்கிக்கொள்வது வீண்.

சிலருக்கு அந்த 0.05 மி.மீ. பெரிய நன்மை. சுருண்ட, தடித்த முடியைத் தோலுக்குக் கீழே போகுமளவு வெட்டினால், வளரும்போது அது தோலுக்குள்ளேயே திரும்பிக் குத்திக்கொள்கிறது. கழுத்தில் கட்டி கட்டியாகச் சிவந்து நிற்பது அதனால்தான். பல பிளேடு கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியை இழுத்துக்கொடுக்க, அடுத்தது இன்னும் ஆழத்தில் வெட்டுவதால் இந்தத் தொல்லை கூடும். கொஞ்சம் முடியை வெளியே விட்டுவைக்கும் ஷேவர் இவர்களுக்கு நல்லது. அது இல்லையென்றால் ஒற்றை பிளேடு, முடி வளரும் திசையில் ஒரே ஒரு முறை. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மருத்துவர்கள் பொதுவாக மின் ஷேவரையே சொல்கிறார்கள். அங்கே 3.37க்கும் 8.35க்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கவே கூடாது.

நேரத்துக்கும் விலை வைக்கலாம். திருகு ரேசருக்கும் நடுத்தர ஷேவருக்கும் ஐந்தாண்டு வேறுபாடு 7,465 ரூபாய். ஷேவரால் தினம் 5 நிமிடம் மிச்சமானால் 125 மணி நேரம் கிடைக்கும். மணிக்கு 60 ரூபாய் கொடுத்து வாங்கியது போல. அடர்தாடியில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டியிருப்பதால் மிச்சம் 2 நிமிடம்தான் என்றால் 50 மணி நேரம். மணிக்கு 149 ரூபாய். விடியற்காலை பஸ் பிடிக்க ஓடுகிறவருக்கு இரண்டுமே மலிவு. தோல் பழக ஷேவருக்கு மூன்று நான்கு வாரம் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பிளேடுக்காரர் நேரத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம், ஊறவைப்பது. முடி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஊதி மென்மையாகும். குளித்த பிறகு மழித்தால் பிளேடு ஒரு சவரம் கூடுதலாகத் தாங்கும். மூன்று நான்கானால் 500 பிளேடு 375 ஆகும். 625 ரூபாய் மிச்சம். உலர் ஷேவருக்கு இதற்கு நேர்மாறு: குளிப்பதற்கு முன்பு, முடி விறைப்பாக இருக்கும்போது ஓட்ட வேண்டும். தண்ணீரிலும் கவனம் தேவை. நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடும் குழாயை 5 நிமிடம் திறந்துவிட்டால் 30 லிட்டர். மக்கில் எடுத்தால் 2 லிட்டர். ஆண்டுக்கு வேறுபாடு 8,400 லிட்டர். சென்னையில் 2019 கோடையில் லாரிக்குக் காத்து நின்றவர்களுக்கு அந்த அளவின் அருமை தெரியும்.

என் தீர்ப்பு இது. அடர்தாடி, ஆரோக்கியமான தோல், காலையில் பத்து நிமிடம் கையில் உண்டு என்றால் திருகு ரேசர். தினமும் மழித்தாக வேண்டும், கழுத்தில் கட்டி வருகிறது, அல்லது இரத்த மருந்து சாப்பிடுகிறோம் என்றால், மாற்றுத் தலை எளிதில் கிடைக்கும் நடுத்தர ஷேவர். மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜுக்கு அடர்தாடிக்காரர் 37,000 ரூபாய் கொடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பிளேடைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பிளேடைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைப் பையில் போடாதீர்கள். அது தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிக்கும். பிளேடின் தடிமன் 0.1 மி.மீ. ஐந்தாண்டின் 500 பிளேடையும் அடுக்கினால் 5 செ.மீ. உயரம்தான். மூடியில் கீறல் போட்ட ஒரு சின்னத் தகர டப்பா போதும். நிரம்பியதும் வாயை அடைத்து, உள்ளே பிளேடு இருக்கிறது என்று எழுதி ஒட்டி, தனியாகக் கொடுங்கள்.