பள்ளியும் பெற்றோரும் – 7: கணக்குக் கேட்கும் உரிமை

டெக்ஸாஸ் ராஜ்யத்தின் சான் அன்டோனியோ நகரில், எட்ஜ்வுட் பகுதியைச் சேர்ந்த பெற்றோர்கள், சொத்து வரியை நம்பி நடக்கும் தங்கள் பள்ளிகளுக்கும் அண்டையிலிருந்த செல்வர் வட்டாரத்துப் பள்ளிகளுக்கும் இருந்த பேதத்தை எதிர்த்து 1968-ல் தொடுத்த வழக்கையும், 1973-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அதை நிராகரித்ததையும் சென்ற வாரம் சொல்லி நிறுத்தினோம். கல்வி அமெரிக்க அரசியல் சாசனம் உறுதியளித்த அடிப்படை உரிமையன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். அப்படியானால், ஏழைக் குழந்தைக்கு வாஷிங்டனிலிருந்து வரும் துணை என்ன, அது குழந்தையின் கைக்கு வந்து சேருகிறதா என்று கேட்கத் தாய் தந்தையர்க்கு உள்ள பாத்தியதை என்ன என்பதே இவ்வாரத்து விஷயம்.

பள்ளிக் கல்வி அந்தந்த ராஜ்யத்தின் பொறுப்பு என்ற கொள்கை ஆழ வேரூன்றியிருந்த அந்நாட்டில், ஏழைக் குழந்தைகளின் படிப்புக்குச் சமஷ்டி சர்க்கார் பொருள் தரவேண்டும் என்று விதித்த சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1965 ஏப்ரல் 11-ஆம் தேதி கையெழுத்திட்டார். டெக்ஸாஸில் தாம் நான்கு வயதில் படிக்கச் சென்ற ஓரறைப் பள்ளிக்கூடத்தின் முன்னால், வெளியே மேஜை போட்டு, தமக்கு முதல் எழுத்துக் கற்பித்த கேட் டெட்ரிச் லோனி அம்மையாரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு அவர் அதைச் செய்தார். இளமையில், 1928-ல், கோட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்ஸிகோ வம்சத்து ஏழைக் குழந்தைகளுக்கு உபாத்தியாயராக இருந்து, காலை ஆகாரமின்றி வகுப்புக்கு வந்த முகங்களை நேரில் கண்டவர் அவர். அந்த நினைவு அவரை விட்டு அகலவில்லை என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அச்சட்டத்தின் முதல் பகுதி இன்றும் அந்நாட்டுப் பெற்றோர் பேச்சில் 'டைட்டில் ஒன்' என்றே வழங்குகிறது. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள ஏழைக் குழந்தைகள் எத்தனை பேர் என்ற கணக்கைப் பிரதான ஆதாரமாகக் கொண்டு, வாஷிங்டனிலிருந்து ராஜ்யத்துக்கும், ராஜ்யத்திலிருந்து பள்ளி வட்டாரத்துக்கும், வட்டாரத்திலிருந்து பள்ளிக்கும் பணம் இறங்கிவருகிறது. வட்டாரத்துக்குள், ஏழைக் குழந்தைகள் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு முதலில் பங்கு கொடுத்த பிறகே மற்றவற்றை எண்ண வேண்டும். நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் இருந்தால், பள்ளி முழுவதன் அபிவிருத்திக்கும் அத்தொகையைச் செலவிடலாம். தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலராக இருந்த இத்திட்டம் அண்மைக் காலத்தில் 1,800 கோடி டாலரை ஒட்டி வளர்ந்திருக்கிறது. ஆயினும், பள்ளிச் செலவு முழுவதிலும் சமஷ்டி சர்க்காரின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்றே. எனவேதான், ராஜ்யமும் ஊரும் கொடுக்க வேண்டியதைக் குறைத்துக்கொண்டு அந்தக் குழியை இப்பணத்தால் நிரப்பலாகாது, இது அதற்குமேல் கூடுதலாகவே சேரவேண்டும் என்று சட்டம் நிபந்தனை விதித்திருக்கிறது.

பணம் புறப்பட்ட இடம் தெரியும். அது போய்ச் சேர்ந்த இடம்தான் விசனத்துக்குரியது. சட்டம் செனட் குழுவின் முன் இருந்தபோதே, பள்ளி நிர்வாகிகளிடம் பொருளை ஒப்படைத்துவிட்டால் குழந்தைக்கு நன்மை வந்துவிடும் என்று நம்ப மறுத்த ராபர்ட் கென்னடி, கொடுத்த பணத்தால் குழந்தைகள் என்ன கற்றார்கள் என்று பெற்றோர் அறிய வழி வேண்டும் என்று வற்புறுத்தினார். அவருடைய ஐயம் வீண்போகவில்லை. ரூபி மார்ட்டின், பிலிஸ் மக்ளூர் என்ற இரு பெண்மணிகள் ஆராய்ந்து எழுதி 1969-ல் வெளிவந்த அறிக்கை, சர்க்காரின் சொந்தத் தணிக்கைத் தஸ்தாவேஜுகளையே சான்றாகக் காட்டி, ஏழைக் குழந்தைகளின் பேரால் வந்த பொருள் நீச்சல் குளங்களுக்கும், சாதனங்கள் வாங்கிக் குவிப்பதற்கும், வட்டாரத்தின் பொதுச் செலவுக்கும் போனதை அம்பலப்படுத்தியது. கேட்பாரற்ற பணம் தனக்குரியவனிடம் தானாகப் போய்ச் சேருவதில்லை. இந்த அனுபவத்திலிருந்துதான் பெற்றோரின் உரிமை சட்டத்துக்குள் புகுந்தது.

புகுந்த உரிமை நிலைத்து நிற்கவுமில்லை. பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஆலோசனைச் சபைகள் வட்டாரந்தோறும் பள்ளிதோறும் அமையவேண்டும் என்று 1974-ல் காங்கிரஸ் விதித்தது, 1981-ல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது, 1988-ல் பெற்றோர் பங்கு மீண்டும் சட்டத்தில் இடம்பெற்றது, 1994-ல் விரிவடைந்தது, 2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின் 1116-ஆம் பிரிவாக இன்று விளங்குகிறது. எழுதிவைத்த உரிமையையும் உபயோகிப்பார் இல்லாவிடில் எளிதில் அழித்துவிடலாம் என்பதற்கு 1981-ஆம் ஆண்டே சாட்சி.

இன்றைய சட்டப்படி, இப்பணம் பெறும் ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஒரு கூட்டமேனும் கூட்டிப் பெற்றோரை அழைத்து, தன் பள்ளி இத்திட்டத்தில் சேர்ந்திருப்பதையும், அவர்களுக்குள்ள உரிமைகளையும் விளக்கியாக வேண்டும். கூலி வேலைக்குப் போகும் தாய் பகலில் வர முடியாது என்பதை உணர்ந்து, கூட்டங்களைக் காலையிலோ மாலையிலோ வசதிப்படி வைக்கவும், வண்டிச் செலவு கொடுக்கவும், கூட்டத்தின்போது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யவும் சட்டம் இடம் தருகிறது. பெற்றோரின் பங்கைப் பற்றிய கொள்கையைப் பள்ளி தனியே எழுதிவைத்து அவர்களிடம் நீட்டலாகாது. அவர்களோடு கூடி இயற்றவேண்டும். பள்ளியும் பெற்றோரும் மாணவனும் யார் எதற்குப் பொறுப்பு என்று சொல்லும் உடன்படிக்கை ஒன்றும் அதனுடன் சேரவேண்டும். 5,00,000 டாலருக்கு மேல் பெறும் வட்டாரம், அதில் நூற்றுக்கு ஒன்றுக்குக் குறையாத தொகையைப் பெற்றோர்க்கான பணிக்கென்றே ஒதுக்கி, அவ்வொதுக்கீட்டில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் பள்ளிகளுக்கு அனுப்பவேண்டும். அதை எப்படிச் செலவிடுவது என்ற முடிவிலும் பெற்றோர்க்கு இடமுண்டு.

தம் குழந்தைக்குக் கற்பிக்கும் உபாத்தியாயரின் தகுதியைப் பெற்றோர் கேட்டால் வட்டாரம் சொல்லவேண்டும். ராஜ்யத்தின் விதிப்படி உரிய தகுதிச் சான்று பெறாத ஒருவர் தொடர்ந்து நான்கு வாரமோ அதற்கு மேலோ கற்பித்தால், பெற்றோர் கேளாமலே பள்ளி அறிவிக்கவேண்டும். இவ்வறிவிப்புகள், இயன்ற அளவு, பெற்றோருக்குப் புரியும் பாஷையில் இருக்கவேண்டும் என்பதும் சட்டமே. ஆங்கிலம் தடுமாறுவதால் பள்ளி வாசலிலேயே தயங்கி நிற்கும் குடும்பங்கள், அவை ஸ்பானிஷ் பேசினாலும் தமிழ் பேசினாலும், இந்த ஒரு ஷரத்தை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோர் சொன்னதையெல்லாம் பள்ளி ஏற்றே தீரவேண்டும் என்று இச்சட்டம் விதிக்கவில்லை. ஆனால் வட்டாரத்தின் திட்டம் தங்களுக்குத் திருப்தியளிக்கவில்லை என்று பெற்றோர் எழுதிக்கொடுத்தால், அந்தத் திட்டத்தை ராஜ்யத்துக்கு அனுப்பும்போது அவ்வெழுத்தையும் உடன் சேர்த்தே அனுப்பவேண்டும். ஏழைத் தாய் ஒருத்தியின் ஆட்சேபம், அதிகாரியின் மேஜை அறையில் உறங்கிவிடாமல், திட்டத்தோடு ஒட்டிக்கொண்டு மேலே போகிறது. இதை நான் இச்சட்டத்தின் உயிர்நாடியாகக் கருதுகிறேன்.

அமெரிக்காவில் குழந்தைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்பும் வாசகர்களுக்கும், அங்கே மகனோ மகளோ குடும்பம் நடத்துவதைக் காணும் வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் பள்ளி இத்திட்டத்தில் உள்ளதா என்று விசாரியுங்கள். உள்ளதாயின், ஆண்டுக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று, எந்தக் குழந்தை என்ன பயன் அடைந்தது என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் திருப்தியில்லையானால், அதைக் காகிதத்தில் எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

(தொடரும்)