மெடூசாவும் இரண்டாம் வேற்றுமையும்

படிவம் இரண்டில் வேற்றுமை நடத்தியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. "ஐ, ஆல், கு, இன், அது, கண்" என்று பிள்ளைங்க பாட்டு மாதிரி ஒப்பிப்பாங்க. அடுத்த நிமிடமே "நான் அம்மா பார்த்தேன்" என்று எழுதிக் கொடுப்பாங்க. மலாயிலும் ஆங்கிலத்திலும் வாக்கியத்தில் முதலில் நிற்பவர்தான் பெரும்பாலும் செய்தவர். பெயர்ச்சொல்லின் வாலைப் பார்க்க வேண்டிய தேவையில்லை. அந்தப் பழக்கம் தமிழ்க் கட்டுரைக்குள்ளும் வந்துவிடுகிறது.

லத்தீன் படிக்கும் ஆங்கிலப் பிள்ளைகளுக்கும் இதே தலைவலிதான். லத்தீனில் ஆறு வேற்றுமை. அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டு வாக்கியத்தின் முன்னால் விழிப்பார்கள். அவர்களுக்காக பிரான்சிஸ் ரிட்சி என்ற ஆசிரியர் 'ஃபாபுலாய் ஃபாகிலெஸ்' என்று ஒரு வாசிப்பு நூல் எழுதினார். 'எளிய கதைகள்' என்று பொருள். பெர்சியஸ், ஹெர்குலிஸ், ஆர்கோ கப்பல் வீரர்கள், யுலிசிஸ் என நான்கு வீரர் கதைகள். முதலில் எளிய வாக்கியங்கள், போகப்போகக் கடினமானவை. கர்ட்லண்ட் திருத்திய 1903ஆம் ஆண்டுப் பதிப்பை இன்றும் படிக்கிறார்கள்.

ஏன் வீரர் கதை? பெர்சியஸ் கதையையே பாருங்கள். மெடூசாவின் தலையைக் கொண்டுவா என்று ஓர் அரசன் அவனை அனுப்புகிறான். அவள் முகத்தை நேராகப் பார்த்தவர் கல்லாகிவிடுவார். மினெர்வா என்ற தெய்வம் கண்ணாடி தருகிறாள். அதில் தெரியும் உருவத்தைப் பார்த்தபடியே அரிவாளால் தலையை வெட்டுகிறான். யார், யாரை, யாருக்கு, எதனால், யாருடைய என்று எல்லாக் கேள்விக்கும் கதைக்குள் ஆள் இருக்கிறது, பொருள் இருக்கிறது. அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முகம் கிடைத்துவிடுகிறது.

இனி லத்தீனுக்கு வருவோம், பயப்பட வேண்டாம். "பெர்சியுஸ் மெடூசம் நெகாவிட்" என்றால் பெர்சியஸ் மெடூசாவைக் கொன்றான். "மெடூசம் பெர்சியுஸ் நெகாவிட்" என்று புரட்டிப் போட்டாலும் செத்தவள் அவள்தான். ஆனால் "மெடூசா பெர்சியும் நெகாவிட்" என்றால் கதை முடிந்தது, வீரன் காலி! ஒரு 'ம்' இடம் மாறினால் உயிர் மாறுகிறது. இதைச் சொன்னதும் பிள்ளைங்க சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பில்தான் இரண்டாம் வேற்றுமை உள்ளே போகிறது. (லத்தீனில் இந்த வேற்றுமையின் பெயருக்கு 'குற்றம் சாட்டுவது' என்று அர்த்தம். கிரேக்கப் பெயரைத் தப்பாக மொழிபெயர்த்ததால் வந்த வினை என்கிறார்கள். நம்முடைய 'இரண்டாம்' எவ்வளவோ மேல்.)

அடுத்த வாக்கியம்: "மினெர்வா பெர்சியோ ஸ்பெகுலும் டெடிட்." மினெர்வா பெர்சியஸுக்குக் கண்ணாடி கொடுத்தாள். இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள்.

'பெர்சியோ' என்பதன் ஓகாரம் நமது 'கு'. ஆனால் "பெர்சியுஸ் அன்ட்ரோமெடம் பெரிகுலோ லிபெராவிட்" என்ற வாக்கியத்தில் 'பெரிகுலோ' என்றால் 'ஆபத்திலிருந்து'. அதே ஓகாரம், வேறு வேற்றுமை! லத்தீனில் நமது 'ஆல்', 'இலிருந்து' இரண்டின் வேலையையும் ஒரே வேற்றுமை பார்க்கிறது. அதன் வடிவமும் பல சொற்களில் 'கு' வடிவத்தோடு ஒன்றிவிடுகிறது. அட்டவணை மட்டும் படித்தவர் இங்கே தடுமாறுவார். கதை தெரிந்தவர் தடுமாற மாட்டார். தெய்வம் கொடுக்கிறாள் என்றால் வாங்குபவன் வேண்டும். விடுவித்தான் என்றால் எதிலிருந்தோ விடுவித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, 'ஸ்பெகுலும்', அதாவது கண்ணாடி. அது எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும் ஒரே வடிவம்தான். லத்தீனில் ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பால் சொற்கள் எல்லாமே அப்படி. கண்ணாடி தானாக எழுந்து யாரையும் வெட்டப் போவதில்லை, குழப்பம் வராது. எனக்கு இந்த இடத்தில்தான் தமிழ் பளிச்சென்றது. நாமும் 'கண்ணாடி கொடுத்தாள்' என்கிறோம், 'ஐ' போடுவதில்லை. அஃறிணையில் 'ஐ' தொக்கி நிற்கலாம். உயர்திணையில் பெரும்பாலும் வெளிப்பட்டே வரும். "படம் பார்த்தேன்" சரி, "அம்மா பார்த்தேன்" தப்பு. நம்ம பிள்ளைங்க சரியான வாக்கியத்தைக் கேட்டுத்தான் தப்பான வாக்கியத்தை எழுதுறாங்களோ என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அதற்கு முன்பு சிவப்பு மையால் 'வை' என்று எழுதித் தள்ளியதோடு சரி.

உங்கள் வகுப்பில் மெடூசா தேவையில்லை. 'பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான்' போதும். மினெர்வா வாக்கியத்தின் அதே அமைப்பு. தேரில் 'ஐ' இல்லை என்பது உட்பட. சொற்களைத் தனித்தனி அட்டையில் எழுதி, உருபுகளை வேறு நிற அட்டையில் கொடுங்கள். முதலில் கதை, பிறகு அட்டை, கடைசியாக அட்டவணை. அட்டவணையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தேர்வுக்கு வேண்டும், தொகுத்துப் பார்க்கவும் வேண்டும். ஒரே பாடவேளையில் எட்டையும் முடிக்கப் பார்க்காதீர்கள். 'ஐ', 'கு' இரண்டுக்கே ஒரு வாரம் ஆகும்.

என் வகுப்பில் ஒரு மாணவன் 'கு' அட்டையைத் தேரோடு ஒட்டிவிட்டான். "பாரி தேருக்கு முல்லையைக் கொடுத்தான்." நான் திருத்த வாயெடுப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேய், தேருக்கு எதுக்குடா பூ?" அவனே அட்டையைப் பிய்த்து இடம் மாற்றினான்.