தாய்வழி வரும் வெண்வரி

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் காடுகளில், மரநிழலில், மட்கிய இலைகளுக்கிடையே வேரோடி வளர்வது கிளிவியா. வார்போன்ற கரும்பச்சை இலைகள் இருபுறமும் விசிறியாய் விரிய, நடுத்தண்டின் நுனியில் செம்மஞ்சள் மலர்கள் கொத்தாய்ப் பூக்கும். 1828-இல் இப்பேரினத்துக்குப் பெயர் சூட்டிய லிண்ட்லி என்னும் நிலைத்திணை அறிஞர், சார்லட் கிளைவு என்ற கோமகளைச் சிறப்பிக்கவே அப்பெயரைத் தேர்ந்தார். இராபர்ட்டு கிளைவின் பெயர்த்தியான அவர், தந்தை சென்னை ஆளுநராய் விளங்கிய நாளில் சிறுமியாக இந்நகரில் வாழ்ந்தவர்.

கிளிவியா வளர்ப்போர் இரண்டு அருமைகளைத் தேடுவர்: இலையில் வெண்வரி, மலரில் வெளிர்மஞ்சள். இரண்டும் ஒரே செடியில் கூடிவருதல் அரிது. அவை தலைமுறை கடந்து வரும் வழிகள் வேறுவேறு.

மலரின் நிறம் உட்கருவின் மரபணுக்களால் அமைவது. தாயும் தந்தையும் அதில் சமபங்கினர். மஞ்சள் நிறமியோடு ஆந்தோசயனின் என்னும் செந்நிறமி சேர்வதால் செம்மஞ்சள் தோன்றுகிறது. செந்நிறமியை ஆக்கும் படிகளுள் ஒன்று பழுதுபட்டால் மஞ்சள் மட்டும் எஞ்சும். இஃது ஒடுங்கு பண்பு; பெற்றோர் இருவரிடமிருந்தும் அதே பழுது வந்தால்தான் வெளிப்படும். வெவ்வேறு படிகளில் பழுதுற்ற இரண்டு மஞ்சள் செடிகளைக் கலந்தால், ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்ப, சேய்கள் செம்மஞ்சளாகவே பூக்கும்.

இலைவரியோ தாய்வழிச் செல்வம். பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகங்களுக்குத் தமக்கெனத் தனி மரபுப்பொருள் உண்டு. கிளிவியாவில் அவை சூலின் வழியே சேயை அடைகின்றன. பூந்துகள் அவற்றைக் கொணர்வதில்லை. எனவே வரியிலைச் செடியின் பூந்துகளைப் பச்சைச் செடியில் தூவினால் பிறப்பன யாவும் பச்சையே. பழுதுற்ற கணிகங்களே நிறைந்த உயிரணுக்கள் வெளுக்கின்றன. இலை அடியிலிருந்து நீண்டு வளர்வதால், அவ்வுயிரணுக்களின் வழிவந்தவை நெடுகிலும் வரியாய் ஓடுகின்றன.

வரியிலைத் தாயின் காயைக் கையிலேந்திப் பாருங்கள். அதன் பசுந்தோலிலும் வெண்கோடுகள் ஓடும். அது பழுக்க ஏறத்தாழ 9 திங்கள் ஆகும். அதன் விதைகளில் முளைக்கும் நாற்றுகளுள் சில முழுப்பச்சை, சில தூய வெண்மை, சில வரியுடையன. வெண்ணாற்றின் அழகு விதையில் சேமித்த உணவு உள்ளவரைதான். ஒளியை உணவாக்கும் பச்சையம் இன்றி அது மாய்ந்துவிடும். பச்சையும் வெண்மையும் அளவாய்க் கலந்த நாற்றே நிலைத்து வாழும்.

ஆகவே இவ்விரண்டையும் ஒரே செடியில் சேர்க்க ஒரு வழி உண்டு. வரியிலைத் தாயின் செம்மஞ்சள் மலரில் மஞ்சள் செடியின் பூந்துகளைத் தூவ வேண்டும். முதல் தலைமுறை முழுதும் செம்மஞ்சள். அதில் வரியுடைய ஒன்றைத் தாயாக்கி, மீண்டும் அதே மஞ்சளின் பூந்துகளைத் தூவினால், சேய்களில் ஏறத்தாழப் பாதி மஞ்சளாகும். விதை வளர்ந்து மலர 3 முதல் 5 ஆண்டுகள் என்பதால், இரண்டு தலைமுறைக்குப் பத்தாண்டும் ஆகலாம்.

ஆயினும் இயற்கை ஒரு முன்குறி தருகிறது. செம்மஞ்சள் பூக்கவிருக்கும் நாற்றின் அடித்தண்டில் செம்மை படரும். மஞ்சள் பூக்கவிருப்பதில் அது இராது. அடியில் செம்மையற்று, இலையில் வெண்வரி அளவாய் ஓடும் நாற்று ஒன்றை நாற்றுத்தட்டில் காணும் காலைப்பொழுது, வளர்ப்பவருக்கு மலரையே கண்டதற்கு நிகர்.