சோலை: மலையில் வாழும் ஒரு சொல்

தரைநாட்டில் சோலை என்றால் நிழலும் பூவும் நிறைந்த இனிய இடம். மாஞ்சோலை, பூஞ்சோலை என்று பெரும்பாலும் மனிதர் வளர்த்த தோப்புக்கும் தோட்டத்துக்கும் அது பெயராகிறது. கோடைக்கானலை ஒட்டிய வில்பட்டி, பள்ளங்கி போன்ற மலையூர்களில் சோலை என்றால் வேறு: யாரும் நடாமல் மலைமடிப்புகளில் தானாக வளர்ந்து நிற்கும் காடு.

இந்தப் பொருள் புதிதல்ல. சங்க நூல்களில் பயின்றுவரும் சொல் இது. திருமுருகாற்றுப்படை கூறும் பழமுதிர்சோலையும், ஆழ்வார்கள் பாடிய திருமாலிருஞ்சோலையும் மலையைச் சார்ந்த இடங்களே. மலையாளத்தில் சோல என்பது மரநிழலையும் காட்டு நீரோடையையும் குறிக்கிறது. மரம், நிழல், நீர் மூன்றும் சேர்ந்த இடம் என்ற எண்ணம் இரு மொழிகளிலும் தொடர்கிறது.

சுமார் 1,500 மீட்டருக்கு மேலே, மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில்தான் இக்காடு உண்டு. காற்று வீசும் மேடுகளில் புல். ஈரம் தங்கும் பள்ளங்களில் சோலை. மரங்கள் உயரமில்லை; தண்டுகள் முறுகி, கொண்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி, குடை பிடித்தாற்போல் நிற்கும். துளிர் செம்பு நிறம். கிளை முழுக்கப் பாசியும் பெரணியும் ஆர்க்கிடும். விளிம்பில் காட்டுப்பூவரசு சிவக்கப் பூக்கும். பாம்பார் சோலை, கரடிச்சோலை, உள்ளே போனவர் திசை தடுமாறுவர் என்று நம்பப்படும் மதிகெட்டான் சோலை என ஒவ்வொன்றுக்கும் மக்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் மலைகளில் குடியேறிய ஆங்கிலேயர் இச்சொல்லை ஷோலா என்று எழுதிக்கொண்டார்கள். 1968இல் வனவியலாளர்கள் சாம்பியன், சேத் இருவரும் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதற்கு நீண்டதொரு துறைப்பெயர் அமைந்தது. ஆயினும் உலகெங்கும் ஆய்வாளர்கள் சொல்வது ஷோலா என்றுதான். வெள்ளைக்காரர் அணிந்த சோலா தொப்பிக்கும் இதற்கும் உறவில்லை. அது வடஇந்தியாவில் சோலா எனப்படும் நீர்ச்செடியின் நெட்டியால் ஆனது.

சோலையும் புல்வெளியும் மழையை உறிஞ்சி வைத்து மெல்லக் கசியவிடுகின்றன. வரதமாநதி, மஞ்சளாறு போன்ற ஆறுகள் கோடைக்கானல் அமைந்த பழனி மலையில்தான் பிறக்கின்றன. ஆனால் சீகை, தைலமரம், பைன் ஆகியவற்றை நட்டதாலும் விவசாயம் பரவியதாலும் 1973 முதல் 2014 வரை இம்மலையின் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சோலைகளும் சுருங்கின. இதற்கிடையே 2013இல் இங்கே கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

ஆங்கிலம் கடன் வாங்கிய சொல்லை இன்று தமிழ்ச் செய்திகளும் அறிவிப்புப் பலகைகளும் ‘ஷோலா காடுகள்’ என்று திருப்பி வாங்கி எழுதுகின்றன. அதற்குத் தேவையே இல்லை. பள்ளங்கிக்காரர் சொல்வதுபோல் சோலை என்றே பாடநூலிலும் பலகையிலும் எழுதலாம்.