உடுவிலில் முதுமை கண்ட தம்பதியர்

நம் முன்னோர் மனித வாழ்வை நான்கு நிலைகளாக வகுத்தனர். அவற்றுள் மூன்றாவதாகிய வானப்பிரத்தம், பிள்ளைகள் தலையெடுத்துப் பேரன் முகமும் கண்டபின், கணவனும் மனைவியும் வீட்டுப் பொறுப்பை இறக்கிவைத்துவிட்டு வனஞ் செல்லும் நிலையாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே செல்வதற்கு வனம் இல்லை, வன்னிக்கன்றோ போகவேண்டும்! அதனாலோ என்னவோ, நம்மூர் முதியோர் தத்தம் வீட்டுத் திண்ணையையே வனமாகக் கொண்டனர். ஆனால், கடல் கடந்து வந்து, ஊராருடைய பெண்மக்கள் நிறைந்த ஒரு விடுதிப் பாடசாலையிலே தமது முதுமையைக் கழித்த ஒரு தம்பதியர் இக்குடாநாட்டிலே வாழ்ந்தனர். அவர்கள் சைவர் அல்லர். நம்மவரைத் தம் மதத்துக்கு மாற்ற வந்தவர்கள். ஆயினும் அவர்கள் கதை நாம் அறியவேண்டிய கதை.

லீவை ஸ்போல்டிங் என்பவர் அமெரிக்காவிலே நியூ ஹாம்ஷயர் மாநிலத்திலுள்ள ஜாப்ரி என்னும் ஊரில் 1791இல் பிறந்தவர். டாட்மவுத் கல்லூரியிலும் அண்டோவர் இறையியற் கலாசாலையிலும் பயின்றவர். அவர் மணந்த மேரி கிறிஸ்தியும் அதே மாநிலத்தவரே. மணமான கையோடு, 1819 ஜூன் மாதத்திலே பொஸ்டன் துறையிலிருந்து ‘இண்டஸ்’ என்னும் பாய்க்கப்பலில் இருவரும் புறப்பட்டனர். கல்கத்தா வழியாக வந்து, 1820 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்தனர். அப்போது ஸ்போல்டிங்குக்கு வயது இருபத்தெட்டு. நம்மூர் மக்கள் பாதிரிமாரையும் ‘ஐயர்’ என்றே அழைப்பர். ஆகவே அவர் ஸ்போல்டிங் ஐயர் ஆனார். மனைவியார் ‘அம்மா’ ஆனார்.

அவர்களுக்கு நான்காண்டுகள் முன்னதாக, 1816இலே, தானியேல் பூவர் முதலிய அமெரிக்கப் பாதிரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறியிருந்தனர். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பயன்படுத்தி, பின் கூரையிழந்து கிடந்த பழைய தேவாலயங்களையும் வளவுகளையும் ஆங்கில அரசு அவர்களுக்கு விட்டுக்கொடுத்தது. உடுவிலும் அத்தகைய ஓர் இடமே. ஆனால் எட்வேட் பாண்ஸ் என்னும் தேசாதிபதி வந்ததும் நிலைமை மாறிற்று. அமெரிக்காவிலிருந்து புதிதாக எவரும் வரலாகாது என்று 1820இலேயே தடை பிறந்தது. அச்சுக்கலை வல்ல ஒருவர் வந்திறங்கியும் திருப்பி அனுப்பப்பட்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அத்தடையால், முன்பே வந்துவிட்ட ஒருசில குடும்பங்களே எல்லாப் பாரத்தையும் சுமக்கவேண்டியதாயிற்று. இளமையில் வந்தவர்கள் இங்கேயே முதுமையடைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

உடுவிலிலே 1824இல் பெண்களுக்கென ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடக்கியவர் ஹரியட் உவின்ஸ்லோ அம்மையார். ஆசியாவிலேயே இவ்வகையில் முதலாவது இதுவே எனச் சொல்வாருமுளர். வேறு சில ஆண்டுகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் முதன்மை விளங்கும். அமெரிக்காவிலே மேரி லயன் அம்மையார் மவுண்ட் ஹோலியோக் மகளிர் கலாசாலையைத் திறந்தது 1837இல். புனேயில் சாவித்திரிபாய் புலேயும் கணவரும் பெண்பள்ளி தொடங்கியது 1848இல். கல்கத்தாவின் பெதூன் பாடசாலை 1849இல். சுண்ணாகத்துக்கு அண்மையிலுள்ள ஒரு செம்மண் கிராமம் இவையனைத்துக்கும் முந்திக்கொண்டது.

முந்திக்கொண்டதே தவிர, மாணவியர் எளிதில் வந்தாரல்லர். எழுத்தறிவு கோயிற் கணிகையர்க்கு உரியது, குலப்பெண்ணுக்கு ஏலாது என்ற எண்ணம் ஊரிலே வேரூன்றியிருந்தது. ‘பெண் படித்தால் கடிதம் எழுதுவாள்’ என்பது நம் பாட்டிமார் காலம்வரை நின்ற அச்சம். இதனால் மிஷன் தாராளமாகக் கொடுத்து அழைத்தது: உணவு, உடை, இருப்பிடம் யாவும் இலவசம். படிப்பை முடித்துக் கிறிஸ்தவ இளைஞனை மணக்கும் பெண்ணுக்குச் சீதனமும் உண்டு. ஆம், சீதனந்தான்! யாழ்ப்பாணத்தானை வழிக்குக் கொண்டுவரும் மார்க்கம் எதுவென்று அமெரிக்கர் மிக விரைவிலேயே கண்டுகொண்டனர். இதிலே தந்திரம் இல்லையென்று யாரும் சொல்லமாட்டார்கள். வட்டுக்கோட்டைச் செமினரியிலே 1823 முதல் பயின்றுவந்த இளைஞருக்குப் படித்த கிறிஸ்தவ மனைவியரை ஆயத்தஞ்செய்வதே அப்பாடசாலையின் முதல் நோக்கம் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஏழைச் சிறுமியின் பசியையும் தகப்பனுடைய சீதனக் கவலையையும் மதமாற்றத்துக்குப் படியாக வைத்தார்கள் என்று நம்மவர் அன்று கொண்ட சினம் நியாயமானதே. ஆனால் அந்தப் படியிலே ஏறிய சிறுமி வாசிக்கவும் கணக்கிடவும் கற்றாள், உலகப்படத்தைக் கண்டாள். நாம் அவளுக்கு அதைக் கொடுக்கவில்லை. இவ்விரண்டையும் ஒருசேர நினைப்பதுதான் நேர்மை.

பாதிரிமார் கொடுத்த விலையும் சிறிதன்று. தம் பிள்ளைகளை உரிய வயதிலே அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது அவர்களிடையே வழக்கமாயிருந்தது. கடிதம் போய்ச்சேரவே மாதங்கள் பல செல்லும். உவின்ஸ்லோ தம்பதியர் அனுப்பிய மகன் சார்ல்ஸ் 1832 மே மாதம் நியூயார்க்கிலே இறந்தான். அவனுக்கு வயது பதினொன்று. அடுத்த ஆண்டு, 1833 ஜனவரியிலே, தாய் ஹரியட்டும் உடுவிலில் கண்மூடினார். சொந்தப் பிள்ளையைத் தூரதேசத்துக்கு அனுப்பிவிட்டு ஊரார் பிள்ளைகளுக்கு உணவு பரிமாறும் தாயின் உள்ளம் எப்படியிருக்கும்? இன்று நம் குடாநாட்டிலே இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பெரிய வீட்டிலே தனித்திருக்கும் முதிய தம்பதியரைத் தெருவுக்குத் தெரு காண்கின்றோம்.

ஹரியட் அம்மையார் விட்டுச்சென்ற பொறுப்பு ஸ்போல்டிங் தம்பதியரிடம் வந்தது. ஐயருக்கு அப்போது நாற்பதைக் கடந்த வயது. நாற்பது ஆண்டுகள் உடுவிலே அவர்களுக்கு வீடாயிற்று. ஐயர் ஓரிடத்திலே அமர்ந்திருப்பவரல்லர். 1834 தொடக்கத்திலே கடல் கடந்து மதுரைக்குச் சென்று அங்கு நிலைமையை ஆராய்ந்தார். அவ்வாண்டிலேயே அமெரிக்க மதுரை மிஷன் பிறந்தது. இன்று மதுரையிலுள்ள அமெரிக்கன் கல்லூரி அந்த மரத்தின் கிளை. எனினும் அவர் திரும்பிவந்தது உடுவிலுக்கே.

மேரி அம்மையார் செய்த தொண்டு பெரும்பாலும் ஏட்டிலே எழுதப்படாத தொண்டு. விடுதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் கண்விழிப்பது, ஊசிநூல் பிடிக்கக் கற்பிப்பது, கிராமத்து வீடுகளுக்குச் சென்று பெண்களோடு பேசுவது, பழைய மாணவியின் கணவன் குடிக்கிறானா, மாமியார் கொடுமை செய்கிறாளா என்று விசாரிப்பது: இவற்றுக்கெல்லாம் அறிக்கையிலே ஒரு வரி கிடைத்தால் அதிகம். கலியாணப் பேச்சும் மிஷன் வளவுக்குள்ளேயே நடந்தது. வட்டுக்கோட்டையில் எந்த இளைஞன் எந்தப் பெண்ணுக்குப் பொருத்தம் என்று பார்ப்பதிலே பாதிரிமாரும் அவர் மனைவியரும் நம்மூர்த் தரகரைத் தோற்கடித்திருப்பர். அமெரிக்காவிலே பொருளுதவி செய்தவர்களின் பெயர்களை மாணவர்க்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. ஆதலால் ‘உதயதாரகை’ பத்திரிகை 1841இல் தொடங்கியபோது அதன் ஆசிரியராயிருந்த யாழ்ப்பாணத் தமிழர் இருவரும் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என அறியப்பட்டனர். தாய் இட்ட பெயரைப் பள்ளிக்கூடம் மாற்றிய அவ்வழக்கத்தை மட்டும் என்னால் இன்றும் மனமுவந்து ஏற்க முடிவதில்லை.

ஐயரின் தமிழறிவைச் சொல்லாதுவிடின் கட்டுரை நிறைவுறாது. சந்திரசேகர பண்டிதரைக் கொண்டு தொகுப்பித்து, 1842இல் மானிப்பாய் அச்சுக்கூடத்தில் வெளியான தமிழகராதி அவருடைய மேற்பார்வையில் வளர்ந்தது. ‘யாழ்ப்பாண அகராதி’ என்றும் ‘மானிப்பாய் அகராதி’ என்றும் வழங்கும் அந்நூலில் ஐம்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. நைற் பாதிரியார் தொடங்கிவைத்து மறைந்த ஆங்கிலம்–தமிழ் அகராதிப் பணியையும் ஸ்போல்டிங் முன்னெடுத்தார். அது 1844இல் வெளிவந்தது. பனியனின் மோட்சப் பிரயாண நூலையும் தமிழாக்கினார், கீர்த்தனங்களும் யாத்தார். பண்டிதரிடம் சொல்லுக்குப் பொருள் கேட்கையிலே பாதிரியார் மாணவனாகத்தானே அமர்ந்திருக்க வேண்டும்? மதத்திலே எதிரெதிர் நின்றவர்கள் தமிழிலே ஒரே பாயில் இருந்தனர்.

ஐம்பது வயதைக் கடந்த நிலையிலே, 1840களின் நடுவில், இத்தம்பதியர் தாய்நாடு சென்றனர். இருபத்தைந்து ஆண்டுகளின் பின் பிறந்த ஊரின் பனியையும் ஆப்பிள் தோட்டங்களையும் கண்டனர். அங்கேயே தங்கியிருந்தால் குறைசொல்வார் ஒருவரும் இரார். கடமை முடிந்தது என்று வாழ்த்தி வீடும் கொடுத்திருப்பர். அவர்களோ மீண்டும் கப்பலேறினர். முதன்முறை வந்தது இளமையின் வேகத்தாலாக இருக்கலாம். இம்முறை அவர்கள் அறியாதது ஒன்றுமில்லை. சித்திரை வெயிலையும் கொள்ளை நோயையும் அறிவர். தம் சொல்லைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகும் ஊரையும் அறிவர். கல்லறைகளில் எத்தனை அமெரிக்கப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன என்பதையும் அறிவர். அறிந்தே வந்தனர். என்னைப் பொறுத்தவரையில், அவர்களுடைய முதல் யாத்திரையிலும் இரண்டாவதே பெரிது.

வந்தபின் கண்டவை இனியன மட்டுமல்ல. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாதிரிமாரின் பள்ளி, அச்சுக்கூடம், பிரசங்கம் என்னும் மூன்று கருவிகளையும் நாவலர் கையிலெடுத்துச் சைவத்தைக் காத்த வரலாறு நம் மாணவர் அனைவரும் அறிந்ததே. 1855 பிப்ரவரியிலே முதுபெரும் நண்பர் பூவர் மானிப்பாயில் வாந்திபேதியால் மாண்டார். அதே ஆண்டிலே அமெரிக்காவிலிருந்து வந்த ரூபஸ் அண்டர்சன் குழுவினர், ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு வழிகாட்டுகிறதேயன்றி மதத்துக்கு ஆள்சேர்க்கவில்லை என்று கண்டு, வட்டுக்கோட்டைச் செமினரியை மூடச்செய்தனர். அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய்ப் புகழ்பெற்றனர். இருவரும் பின்னர்ச் சைவராயினர். பாதிரிமார் கணக்கிலே இது நட்டம். தாமோதரம்பிள்ளை பதிப்பித்த பழந்தமிழ் நூல்களைக் கையிலேந்தும் நமக்கோ, அந்தச் செமினரிக் கல்வி பெருவரவு.

உடுவிற் பாடசாலை மட்டும் மூடப்படாது நின்றது. 1840இல் வந்த எலைசா அக்னியூ என்னும் கன்னிகை அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்க, முதிய தம்பதியர் அவ்வளவுக்குப் பாட்டனும் பாட்டியும் போலாயினர். அக்னியூ அம்மை கற்பித்த பெண்கள் ஆயிரத்துக்கு மேலாவர். அவருள் அறுநூறுக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவராயினர் என மிஷன் வரலாறுகள் பெருமையோடு கூறும். எஞ்சிய நானூறு பேரை நான் நினைத்துப் பார்க்கிறேன். திருநீறு பூசிய நெற்றியோடு வீடு திரும்பி, தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த தாய்மார் அவர்கள். அவர்களை யாரும் கணக்கிலெடுத்துப் பாடவில்லை.

1870இலே ஸ்போல்டிங் தம்பதியர் யாழ்ப்பாணத்துக்கு வந்து ஐம்பதாண்டு நிறைந்தது. 1873 ஜூன் 18ஆம் நாள், எண்பத்தோராம் வயதிலே, ஐயர் உடுவிலில் காலமானார். மானிப்பாய்க் கிறீன் வைத்தியர் இவ்வூரைவிட்டு நீங்கியதும் அவ்வாண்டிலேதான். மேரி அம்மையார் கணவரைப் பிரிந்து ஓராண்டுக்குச் சற்று அதிகமாகவே வாழ்ந்து, 1874இல் மறைந்தார். அக்னியூ அம்மை 1879வரை கற்பித்துவிட்டு 1883இல் மானிப்பாயிலே உயிர்நீத்தார். வந்தநாள் முதல் ஒருதரமேனும் தாயகம் திரும்பாதவர் அவர்.

சைவர் பக்கத்திலும் இதற்கு ஒரு விடை எழுந்தது, சற்றுத் தாமதமாக. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இலே, தமது அறுபத்திரண்டாம் வயதில், மருதனார்மடத்திலே சைவப் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியைத் திறந்தார். அவருக்கு உறுதுணையாய் நின்றவர் மனைவியார் லீலாவதி அம்மையார். அவுஸ்திரேலியாவிலே ஹரிசன் குடும்பத்திற் பிறந்து, சைவத்தைத் தழுவி, தமிழ்நாட்டுச் சேலையும் பெயரும் பூண்டவர். கணவர் 1930இல் மறைந்த பின்னும் கல்லூரியின் பாரத்தை அவர் தாங்கினார். அமெரிக்கத் தம்பதியர் நம் பெண்களைக் கிறிஸ்தவராக்க வந்தனர். மேனாட்டிற் பிறந்த இந்த அம்மையார் நம் பெண்களைச் சைவராகவே வைத்திருக்கப் பாடுபட்டார்! காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்.

மருதனார்மடச் சந்தியிலிருந்து உடுவில் மகளிர் கல்லூரிக்கு நடந்தே போகலாம். உடுவிற் பாடசாலைக்கு 2024இலே இருநூறு வயது நிரம்பியது. சைவப் பிள்ளைகளும் அங்கே படிக்கின்றனர். காலையிலே காங்கேசன்துறை வீதியில் நின்றால், வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாய்ச் சைக்கிளில் வரும் பெண்கள் சந்தியிலே பிரிந்து, சிலர் இங்கும் சிலர் அங்குமாய்ப் போவதைக் காணலாம். ஒரே வீட்டு அக்கா ஒரு கல்லூரியிலும் தங்கை மற்றக் கல்லூரியிலும் படித்த குடும்பங்கள் இப்பகுதியில் உண்டு.